'பாலத்துல வந்துட்டிருக்கேன்': குணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். வயது 54. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஆறு பேர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடந்துவிட்டு ஒரு டீக்கடை பெஞ்சில் உட்காருவோம். அந்த வாரம் யார் யார் எங்கே சறுக்கினோம் என்று ஒளிக்காமல் பேசுவோம். ஆறு வருடமாக இது நடக்கிறது. சங்கமும் கிடையாது, சந்தாவும் கிடையாது. ஆறு பேரில் ஒருவர் ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா, இன்னொருவர் புதுச்சேரியிலிருந்து முதல் பஸ் பிடித்து வருபவர். விஷயம் வெளியே தெரிந்ததும் ஆளாளுக்குக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். அதையே திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். நான் சாமியாரும் இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. ஒயர் விற்பவன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: குணம் பிறவியிலேயே வருவது. அதைப் போய் மாற்ற முடியுமா?

இதை என்னிடம் முதலில் கேட்டவர் என் மாமனார். "நாய் வாலை நிமித்த முடியுமா மாப்ள?" என்றார். ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று உண்டு. சித்திரம் கைப்பழக்கம், தமிழ் நாப்பழக்கம் என்று ஆரம்பித்து, நட்பும் கொடையும் பிறவிக் குணம் என்று முடியும். எல்லாரும் அந்தக் கடைசி வரியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். நடுவில் 'நித்தம் நடையும் நடைப்பழக்கம்' என்று இருப்பதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த நடு வரி போதும்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அப்பாவுக்கு வந்தது, தம்பிக்கும் வருகிறது. வருவது என் கையில் இல்லை. வந்த பிறகு டெஸ்டரை மேஜையில் வீசுவதா வைப்பதா என்பது என் கையில் இருக்கிறது. வீசாமல் வைத்த நாட்கள் கூடக் கூட, "அண்ணாச்சி முன்ன மாதிரி இல்லப்பா" என்கிறார்கள். உள்ளே கொதிப்பது அவர்களுக்குத் தெரியாது. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்தக் கொதிப்பும் இப்போது சீக்கிரம் அடங்கிவிடுகிறது.

கேள்வி: என்னிடம் திருத்த வேண்டியது பத்துப் பதினைந்து இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

இருப்பதிலேயே சின்னதிலிருந்து. தினமும் நடப்பதாக இருக்க வேண்டும், மற்றவர்களிடம் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்க வேண்டும்.

நான் தொடங்கியது ஒரு பொய்யில். மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுக்கு மோட்டார் ஸ்டார்ட்டர் பார்க்க வருவதாகச் சொல்லியிருப்பேன். போன் வரும். நான் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "கெடிலம் பாலத்துல வந்துட்டிருக்கேன் சார், அஞ்சு நிமிஷம்" என்பேன். இருபது வருடமாக எத்தனை முறை அந்தப் பாலத்தில் 'வந்துகொண்டிருந்தேன்' என்று கணக்கே இல்லை. ஒருநாள் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. திரும்ப எழுத ஆரம்பித்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஒரே ஒரு விதி: எங்கே இருக்கிறேனோ அதைச் சொல்வது. "இன்னும் கடையிலதான் இருக்கேன் சார். முக்கால் மணி ஆகும்." முதல் வாரம் நாக்கு வரவில்லை. ஒருவர், "அப்ப வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று வைத்தேவிட்டார். மற்றவர்கள், "சரி, அதுக்குள்ள நான் மார்க்கெட் போய்ட்டு வந்துடறேன்" என்றார்கள். அப்போதுதான் புரிந்தது: முக்கால் மணி நேரம் அவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு நின்றதுதான் எரிச்சல்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. பொய் சொல்ல முடியாது என்று ஆனதும், ஒரே பத்து மணியை இரண்டு பேருக்குக் கொடுக்க முடியவில்லை. கொடுத்த நேரத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. கிளம்ப வேண்டும் என்றால் கடைப் பையனை நம்பிக் கல்லாவை விட வேண்டியிருந்தது. ஒரு நூலை இழுக்கப் போய் மூன்று முடிச்சு அவிழ்ந்தது. பதினைந்தையும் பட்டியல் போட்டு ஒன்றாக ஆரம்பித்திருந்தால் பட்டியல்தான் மிஞ்சியிருக்கும்.

கேள்வி: இனிமேல் கோபப்பட மாட்டேன் என்று சத்தியம் செய்கிறேன். இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. ஏன்?

சத்தியம் பண்ணும்போது உங்களுக்குக் கோபம் இல்லை. சாப்பிட்டு முடித்து, ஃபேனுக்கடியில் உட்கார்ந்து பண்ணுகிறீர்கள். கோபம் வருகிற இடம் வேறு, நேரம் வேறு. அங்கே அந்தச் சத்தியம் கூட வருவதில்லை.

எப்போது வருகிறது என்று முதலில் பாருங்கள். நான் மூன்று வாரம் குறித்துப் பார்த்தேன். பெரும்பாலும் மதியம் ஒன்றரைக்கும் மூன்றுக்கும் நடுவில், அதுவும் சாப்பாடு தள்ளிப்போன நாட்களில். கல்பாக்கத்திலிருந்து வரும் மச்சானையும், கடன் வைத்திருக்கும் கான்ட்ராக்டரையும், நாட்டு நடப்பையும் காரணமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிக் காரணம் பசி! ஒரு மணிக்கு டிபன் கேரியரைத் திறப்பது என்று வைத்துக்கொண்டதில் பாதி குறைந்தது. இதையெல்லாம் குணத் திருத்தம் என்று சொல்லலாமா என்று கேட்டால், கடைப் பையனைக் கேளுங்கள் என்பேன்.

மீதிப் பாதிக்கு, ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் ஆராய்ந்து சொன்ன ஒரு வழி கைகொடுத்தது. 'நல்லபடியாக நடப்பேன்' என்று பொத்தாம்பொதுவாக முடிவெடுக்காமல், 'இன்னது நடந்தால் இன்னது செய்வேன்' என்று முன்கூட்டியே கட்டி வைத்துவிடுவது. என்னுடையது இது: பையன் தப்பான சாமானை எடுத்து வந்தால், வாயைத் திறப்பதற்கு முன் எழுந்துபோய்ப் பானையில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடிப்பேன். பானை கடையின் பின்கோடியில் இருக்கிறது. போய் வர ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் பெரும்பாலும் வாயில் இருந்த வார்த்தை மாறிவிடுகிறது. எப்போதும் இல்லை.

கேள்வி: எத்தனை நாளில் பழகும்? 21 நாள் என்கிறார்களே? ஒரு மண்டலம் என்றும் சொல்கிறார்கள்.

21 என்பது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதியதிலிருந்து கிளம்பியது. மூக்கைத் திருத்திக்கொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். அந்தக் 'குறைந்தது' வழியில் எங்கோ விழுந்துவிட்டது. மூக்கும் காணாமல் போய்விட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் உடனிருந்தவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து ஒரு ஆய்வை 2009-ல் வெளியிட்டார்கள். ஒரு செயல் யோசிக்காமலே வரும் நிலைக்குப் பழக, நடுவாந்திரமாக 66 நாள். ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை என்று கணக்கிட்டார்கள். அவர்கள் பார்த்தது தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது, உடற்பயிற்சி மாதிரி விஷயங்கள். மாமியாரிடம் முகம் கொடுத்துப் பேசுவதற்கு எத்தனை நாள் என்று அதில் தேடாதீர்கள்.

48 நாள் மண்டலத்தைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அடுத்த கேள்வியையும் பாருங்கள்.

கேள்வி: மாலை போட்டிருக்கும்போது குடிப்பதில்லை, கெட்ட வார்த்தை பேசுவதில்லை. மாலையைக் கழற்றியதும் பழைய ஆளாகிவிடுகிறேன். என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, அதுவும் ஜனவரி கடைசியில். மாலை போட்ட உங்களை ஊரே தாங்கிப் பிடிக்கிறது. கறுப்பு வேட்டியைப் பார்த்தவுடன் எல்லாரும் 'சாமி' என்கிறார்கள். வீட்டில் தனிச் சமையல். விடியற்காலைக் குளியல். பழைய கூட்டாளியே "சாமி, நீங்க வராதீங்க" என்று ஒதுங்கிக்கொள்கிறான். கழற்றிய மறுநாள் இவை எல்லாம் ஒரே நாளில் போய்விடுகின்றன. அதே சட்டை, அதே வழி, அதே கூட்டாளி, புதுச்சேரிக்கு அதே பைக். நீங்கள் பலவீனமானவர் என்று நான் நினைக்கவில்லை. கொட்டகைக் கால்களை எல்லாம் ஒரே நேரத்தில் பிடுங்கினால் கூரை நிற்காது.

அதில் ஒரே ஒரு காலை மட்டும் விட்டு வையுங்கள். எங்கள் பெஞ்சில் ஒருவர் விடியற்காலைக் குளியலை விட்டுவைத்தார். ஐந்து மணிக்கு எழுந்தாக வேண்டும் என்றால் ராத்திரி பதினொன்றுக்கு ரோட்டில் நிற்க முடியாது. அவ்வளவுதான் அவர் ரகசியம்.

குடியைப் பற்றி நர்ஸ் அக்கா எழுதச் சொன்னது: தினமும் நிறையக் குடித்து, இல்லாவிட்டால் கை நடுங்குகிற நிலையில் இருப்பவருக்கு இது குணம் சம்பந்தப்பட்டதே இல்லை. அது நோய். அப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கோ புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டும். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கேள்வி: நோட்டில் எழுதியே ஆக வேண்டுமா?

எழுதினால் நல்லது. கொஞ்சமாக.

இதில் முன்னோடி அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின். இளம் வயதில் 13 நற்குணங்களைப் பட்டியல் போட்டு, சின்ன நோட்டில் கட்டம் கட்டி, வாரத்துக்கு ஒரு குணம் என்று எடுத்துக்கொண்டார். தவறிய இடத்தில் கறுப்புப் புள்ளி. 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நான்கு சுற்று. எனக்கு அவரிடம் பிடித்தது இரண்டு. முதலில் அவர் எழுதியது 12 தான். 'உனக்குத் தலைக்கனம் என்று ஊரில் பேச்சு' என்று ஒரு நண்பர் சொன்ன பிறகுதான் பணிவை 13-வதாகச் சேர்த்தார். தன் குற்றம் தனக்கே தெரியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டாவது, சாமானை அதனதன் இடத்தில் வைக்கும் ஒழுங்கு அவருக்குக் கடைசி வரை வசப்படவில்லை. அதை அவரே எழுதி வைத்திருக்கிறார். என் கடையைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் எனக்கு ஆறுதல் என்று புரியும்.

என் நோட்டு, தீர்ந்துபோன எஸ்டிமேட் புத்தகத்தின் பின்பக்கம். ஷட்டரை இறக்கும் முன் ஒரு வரி. 'பாலம்: 2' என்றால் அன்று இரண்டு பொய். 'தண்ணீர்: 3, மறந்தது 1.' கதை எழுதுவதில்லை. நடுவில் ஒரு மாதம் பக்கம் பக்கமாக எழுதினேன். படித்துப் பார்த்தால் எல்லாம் நான் செய்ததற்கான நியாயங்கள். கிழித்துப் போட்டேன்.

கேள்வி: நடுவில் விட்டுப்போனால்?

லாலி குழுவின் ஆய்விலேயே, ஒருநாள் விட்டதால் பழக்கம் உருவாவதில் சொல்லிக்கொள்ளும்படி பாதிப்பு இல்லை என்று இருக்கிறது. அது போதும் என்பவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம். எனக்கு இது புரிந்தது வேறு இடத்தில்.

எங்கள் ஊர் அப்பர் கரையேறிய ஊர். பல்லவ மன்னன் கல்லோடு கட்டிக் கடலில் போட, அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து அவரைத் திருப்பாதிரிப்புலியூரில் சேர்த்தது என்று பெரியபுராணம் சொல்கிறது. கரையேறவிட்ட குப்பம் என்ற பெயரே இருக்கிறது. அவ்வளவு பெரிய அற்புதம் நடந்தவர் தோளில் எப்போதும் இருந்தது என்ன? உழவாரப்படை. கோயில் பிராகாரத்தில் முளைக்கும் புல்லைச் செதுக்கும் கருவி. எந்தக் கோயிலில் அவர் சிலையைப் பார்த்தாலும் அது இருக்கும்.

ஒருமுறை உழவாரப் பணிக்குப் போனேன். கல்பாவிய தரையில், இரண்டு கல்லுக்கு நடுவில் கோரை. இழுத்தால் சட்டென்று கையோடு வந்துவிடுகிறது. சுலபம் என்று பத்து நிமிடத்தில் ஒரு கூடை நிரப்பிவிட்டேன். பக்கத்தில் குத்துக்காலிட்டிருந்த பெரியவர் என் கூடையை ஒரு பார்வை பார்த்தார். "இலைய அறுத்திருக்கீங்க தம்பி" என்றார். பிறகு கம்பியை இடுக்கில் விட்டு, நெம்பி, மண்ணோடு ஒன்றை எடுத்துக் காட்டினார். அடியில் கறுப்பாக, சுண்டைக்காயைவிடச் சின்னதாக ஒரு கிழங்கு, அதிலிருந்து நூல் மாதிரி வேர் ஓடி இன்னொரு கிழங்கு. "இது உள்ள இருந்தா பத்து நாள்ல மறுபடி நிக்கும்." எல்லாக் கிழங்கையும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். சிரித்தார். "அடுத்த மாசமும் வாங்க" என்றார்.

அடுத்த மாதம் போனேன். அதே இடுக்கில் பச்சையாக நின்றது. எனக்குத்தான் கோபம் வந்தது. அவருக்கு வரவில்லை. கம்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நோட்டில் பத்து நாள் காலியாகக் கிடக்கும்போது அவர் உட்கார்ந்த விதம்தான் நினைவுக்கு வரும்.

கேள்வி: தவறு செய்த பிறகு மன்னிப்புக் கேட்டால் போதுமா?

எப்படிக் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது. ஒரு எலக்ட்ரீஷியன் ஒன்றரை ஸ்கொயர் ஒயர் கேட்டார். பையன் அதைவிட மெல்லிசான ஒன் ஸ்கொயர் காயிலை எடுத்துக் கொடுத்துவிட்டான். அவர் கவனிக்காமல் பாதிச் சுவருக்குக் குழாயில் இழுத்தும்விட்டார். மறுநாள் வந்து கத்தினார். நான் தண்ணீர்ப் பானைக்குப் போகவில்லை. நாலு வாடிக்கையாளர் எதிரில் பையனை என்னென்னவோ சொன்னேன். அவன் அப்பாவையும் இழுத்தேன். அவன் தலையைக் குனிந்து ஸ்விட்ச் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே இருந்தான். அடுக்கினதையே திரும்ப அடுக்கினான்.

ராத்திரி ஷட்டரை இறக்கிய பிறகு, "தப்பா பேசிட்டேன்டா, மனசுல வெச்சுக்காத" என்றேன். "பரவால்லண்ணே" என்றான். எனக்கு லேசாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். நர்ஸ் அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "திட்டினது நாலு பேரு எதிர்ல. மன்னிப்பு மட்டும் ஷட்டர் இறக்கினப்புறமா?"

அந்த எலக்ட்ரீஷியன் மறுபடி கடைக்கு வர ஒன்பது நாள் ஆனது. அவர் எதிரில், பையனைக் கூப்பிட்டு, அன்று பேசியது தப்பு, அப்பாவை இழுத்தது ரொம்பத் தப்பு என்று சொன்னேன். எலக்ட்ரீஷியன் செருப்பைப் பார்த்தார். பையன் "சரிண்ணே" என்றான். 'பரவால்ல' என்று சொல்லவில்லை. அதுதான் நியாயம். ஒன் ஸ்கொயரையும் ஒன்றரையையும் வேறு வேறு தட்டில் வைத்திருக்க வேண்டியவன் நான். அதை அதற்கப்புறம்தான் செய்தேன்.

கேள்வி: வீட்டில் கிண்டல் செய்கிறார்கள்.

செய்யட்டும். இருபது வருடம் அவர்கள் பட்டதற்கு ஆறு மாதம் கிண்டல் அதிகமில்லை. 'நான் திருந்திவிட்டேன்' என்று அறிவிக்காமல் இருந்தால் கிண்டலும் குறையும்.

கேள்வி: நல்லவனாக மாறினால் ஏமாளி ஆக்கிவிடுவார்களே?

உண்மை பேசுவதற்கும் இளிச்சவாயனாக இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை. இனிமையாகவே, "பழைய பாக்கி தீரட்டும் சார், அப்புறம் சாமான் தரேன்" என்று சொல்ல முடியும். இன்னும் சொன்னால், 'முடியாது' என்று நேராகச் சொல்லத் தெரியாததால்தான் நான் பாலத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

கேள்வி: இந்தச் சில்லறை முயற்சிகளுக்குப் பதில் பெரிதாக ஏதாவது செய்யலாமே?

செய்யுங்கள், யார் வேண்டாம் என்றது. ஆனால் ஒருநாள் வடலூருக்கும் போய் வாருங்கள். இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போல ஆகும். வள்ளலார் 1867 மே 23-ல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்று வரை அணையாமல் எரிகிறது, பசித்து வந்தவருக்குச் சோறு கிடைக்கிறது. 150 வருடத்துக்கு மேல். எனக்கு முன்பெல்லாம் அந்த எண்தான் பிரமிப்பு. போன முறை அடுப்புப் பக்கம் நின்று பார்த்தேன். ஒருவர் விறகை உள்ளே தள்ளினார். கையைத் தட்டிக்கொண்டார். யாரிடமோ குறிஞ்சிப்பாடி பஸ் போய்விட்டதா என்று கேட்டார். அந்தப் பக்கம் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது.

கேள்வி: இதற்குக் கடவுள் நம்பிக்கை வேண்டுமா?

பெஞ்சில் இருவருக்கு இல்லை. அவர்கள் நோட்டில் எங்களைவிடக் கறுப்புப் புள்ளி குறைவு.

கேள்வி: பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

என்னிடம் கேட்காதீர்கள். என் வீட்டில் மகள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தாள், அதுவும் ஒரு வார்த்தை பேசாமல்.

கேள்வி: மாறியிருக்கிறோம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நமக்குத் தெரியாது. கூட இருப்பவர்களிடம்தான் தெரியும், அதுவும் நாம் பார்க்காத நேரத்தில்.

போன மாதம் பின்கோடியில் ஏணி மேல் நின்று கேசிங் பைப் எடுத்துக்கொண்டிருந்தேன். முன்னால் போன் அடித்தது. பையன் எடுத்தான். நான்கு வருடத்துக்கு முன்பு வரை, அவனுக்கு நானே சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று இருந்தது. அது எந்தப் பதில் என்று உங்களுக்குத் தெரியும். கையில் பைப்போடு அப்படியே நின்று கேட்டேன்.

"அண்ணன் இன்னும் கெளம்பலை சார்" என்றான். "ஏணி மேல இருக்கார். எறங்கினதும் பேசச் சொல்றேன்."